நாலாவது பாட்டு முடிவதற்குள்

பிப்ரவரி 5, திங்கள்

டாக்டர் சொன்னதால் இந்த நோட்டு. தினமும் எத்தனை நிமிடம் நடந்தேன், நடந்து முடித்ததும் நாடி எவ்வளவு என்று எழுதி, ஆறு வாரம் கழித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தை வைத்தே ஆலையில் வேலை வாங்கியவன் நான். இப்போது பத்து நிமிடம் நடந்ததை நோட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

நடை: 10 நிமிடம். நாடி: 96.

கஸ்தூரி உப்பில்லாமல் ரசம் வைத்திருந்தாள். ரசம் என்றுதான் அவள் சொன்னாள்.

பிப்ரவரி 8, வியாழன்

பழைய கேன்வாஸ் ஷூவைத் தேடிப் பரணில் ஏறினேன். கஸ்தூரி தூங்கிக்கொண்டிருந்தாள். ஏணியில் ஏறக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை எழுதிவைக்கச் சொல்லவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஷூ கிடைக்கவில்லை. செத்துப்போன அம்மாவின் தகரப் பெட்டிக்குள், ஒரு துண்டில் சுற்றி, அந்த மஞ்சள் வாக்மேன் இருந்தது.

தோஹாவில் வேலை பார்த்த மாமா 1995-ல் கொண்டுவந்தது. ஊரில் மற்றவர்கள் வைத்திருந்த வாக்மேன் எல்லாம் மேசை மேல் வைத்துத் துடைக்கிற ஜாதி. இது ஓடுகிறவனுக்கென்றே செய்தது. மூடியின் ஓரமெல்லாம் ரப்பர், டிபன் கேரியர் மாதிரி ஒரு கொக்கி, இடுப்பில் மாட்ட ஒரு பெல்ட். தண்ணீர், தூசி, அடி எல்லாம் தாங்கும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. மாமா படத்தோடு விடவில்லை. துணி ஊறவைத்த வாளிக்குள் அதைத் தொப்பென்று போட்டுவிட்டார். அம்மா "ஐயோ, காசைத் தண்ணியில போட்டானே" என்று கத்தினாள். மாமா சோப்பு நுரையோடு எடுத்து உதறி, என் தம்பி நயினாரின் காதில் ஹெட்போனை மாட்டினார். அவன் முகம் மலர்ந்ததை வைத்துத்தான் அது பாடுகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது.

வாக்மேன் தம்பி நயினாருக்கு. எனக்கு ஸ்டாப்வாட்ச் உள்ள டிஜிட்டல் வாட்ச். அதுவும் அதே துண்டுக்குள் இருக்கிறது.

நடை: 12 நிமிடம். நாடி: 98. ஏணி ஏறியதால் இருக்கும்.

பிப்ரவரி 9, வெள்ளி

புதுப் பேட்டரி போட்டுப் பார்த்தேன். ர்ர்ர் என்கிறது, சுற்றவில்லை. உள்ளே நயினாரின் அந்த கேசட் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

சாத்தூரிலிருந்து நயினார் மகளோடு வந்திருந்தான், என்னைப் பார்க்க. நெஞ்சு நோய்க்காரனைப் பார்க்க வருகிறவன் கையில் அரைக் கிலோ காராச்சேவு.

"உனக்கில்லண்ணே. மதினிக்கு" என்றான்.

அவன் ஹாரன் கேட்டதுமே வாக்மேனை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நயினாருக்கும் எனக்கும் சண்டையெல்லாம் இல்லை. விசேஷம், துக்கம் எதற்கும் வராமல் இருந்ததில்லை. வருவான், சாப்பிடுவான், போவான். அவ்வளவுதான். இருபத்தைந்து வயதுவரை ஒரே பாயில் படுத்தவர்கள், இப்போது ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுகிறோம்.

மகள் மதிவதனி பதினொன்றாம் வகுப்பு. நல்ல கால். பள்ளிக்கூடத்தில் ஐயாயிரம் மீட்டரில் அவளைத் தொட ஆளில்லை. விளையாட்டு விடுதிக்குத் தேர்வு வருகிறதாம், அடுத்த மாதம் பதினாறாம் தேதி. எட்டாம் தேதிக்குள் அப்பா கையெழுத்துப் போட்டு ஃபாரம் கொடுக்க வேண்டும்.

கஸ்தூரி, "போட்டுக் குடுங்க கொழுந்தனாரே, பிள்ளை ஆசைப்படுதுல்ல" என்றாள்.

"வேண்டாம் மதினி. சும்மா ஓடச் சொன்னா பறக்கும். பேரைக் கூப்பிட்டு கோட்டுல நிக்க வச்சா நம்ம ரத்தத்துக்குக் கால் நடுங்கும். நான் பட்டவன்லா. அது என்னைப் போல ஒருநாள் நின்னு அழ வேண்டாம்."

கஸ்தூரிக்கு வாய் சும்மா இருக்காது. "அதான் உங்களுக்குக் கடைசி ரவுண்டுன்னே பேரு" என்று சிரித்தாள். நயினாரும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கடைசி ரவுண்டு நயினார். குடும்பத்தில் இருபத்தெட்டு வருடமாக ஓடுகிற கேலி. முதலில் யார் வைத்த பேர் என்று ஞாபகமில்லை.

நடை: இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

எட்டயபுரம் சாலையில் ஜெபஸ்டின் இன்னும் ரேடியோ கடை வைத்திருக்கிறார். வாக்மேனைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி துடைத்தார். உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தாராகிவிட்டதாம். வேறொன்றின் பெல்ட்டை எடுத்து மாட்டுவதாகச் சொன்னார். வாட்சுக்கும் ஒரு செல் போடச் சொன்னேன்.

"பாட்டு சரியான ஸ்பீடுல வருதான்னு நான் கேட்டுட்டுத்தான் தருவேன் சார். பெல்ட்டு தளர்ந்தாலும் இழுக்கும், பேட்டரி இறங்குனாலும் இழுக்கும். திடீர்னு இழுத்தா தெரிஞ்சுரும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தா கேக்கவனுக்கே தெரியாது" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நடை: 18 நிமிடம், கடைக்குப் போய் வந்தது. நாடி: 104.

பிப்ரவரி 14, புதன்

நடை: 15. நாடி: 90. தூக்கம் சரியில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

பாடுகிறது! ஜெபஸ்டின் புது ஹெட்போனும் கொடுத்தார். இடுப்பில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். காலை ஆறு மணிக்கு, ஐம்பத்து மூன்று வயதுக்காரன், இடுப்பில் மஞ்சள் டப்பா. நடக்க வந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முதல் பாட்டின் புல்லாங்குழல் வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுதுவதில் என்ன வெட்கம்.

அந்த கேசட்டை ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கினோம். பாட்டைத் தேர்ந்தெடுத்தது நயினார். முதலில் நிதானமானது, அடுத்தது கொஞ்சம் தாளம் கூடியது, மூன்றாவது மூச்சு வாங்குகிற நேரத்தில் தோளைத் தட்டுகிற மாதிரி ஒன்று, நாலாவது ஒரு பெண் குரல், குதிரை வேகம். முதல் நாலும் சேர்ந்து சரியாகப் பதினேழு நிமிடம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆலை கேட்டதும் பதினேழு நிமிடம்தான். பன்னிரண்டரைச் சுற்றை நாலாவது பாட்டு முடிவதற்குள் முடித்தால் வேலை. மாமா கொடுத்த வாட்சை அவன் தொடவில்லை. "வாட்சைக் கட்டிக்கிட்டு ஓடுனா பரீட்சை எழுதுத மாதிரி இருக்குண்ணே. பாட்டு கூடவே ஓடிவரும்" என்பான். மழை, புழுதி, இரண்டு தடவை கீழே விழுந்தது, எதற்கும் அந்த மஞ்சள் டப்பா அசரவில்லை.

நான் காலையில் ஓடிவிட்டு மில் ஸ்டோருக்குத் தினக்கூலி வேலைக்குப் போவேன். அவன் சாயங்காலம் ஓடுவான். வீட்டுக்குள் வரும்போதே சத்தம் வரும். "அண்ணே, இன்னைக்கு ரெண்டாவது சரணத்துலயே முடிச்சுட்டேன்!"

பேட்டரிதான் ஓயாத தலைவலி. புது பென்சில் பேட்டரி முதலில் அப்பாவின் டிரான்சிஸ்டருக்கு, அது கழித்தது சுவர்க் கடிகாரத்துக்கு, அதுவும் கழித்தது வாக்மேனுக்கு. அதற்கு மேலும் உயிர் வர, மொட்டைமாடியில் வற்றல் காயும் துணியின் ஓரத்தில் பேட்டரியையும் வெயிலில் வைத்து எடுப்பாள் அம்மா. சூடு ஆறுவதற்குள் போட்டால் ஒரு பத்து நிமிடம் நன்றாகப் பாடும்.

நடை: 25 நிமிடம். நாடி: 92. டாக்டர் சந்தோஷப்படுவார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மதிவதனி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், கூடவே மூக்கை உறிஞ்சினாள்.

"பெரியப்பா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. நீங்க அதுல ஜெயிச்சவருல்ல. நம்ம குடும்பத்துக்கே கடைசி ரவுண்டு ஆகாதுங்காரு. நீங்க நல்லாத்தான ஓடுனீங்க? அப்ப அது எப்படிக் குடும்பத்துக்கே ஆகாமப் போகும்?"

பார்க்கிறேன் என்று சொன்னேன். கெட்டிக்காரப் பெண். சரியான இடத்தில் கேட்கிறாள்.

நடை: 20. நாடி: 94.

பிப்ரவரி 21, புதன்

16-ம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். பேட்டரியை வெயிலில் வைத்தது அம்மா இல்லை. முதலில் அம்மாதான். கடைசி மாதத்தில் வைத்தது நான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கஸ்தூரி கோயிலுக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

1996 பிப்ரவரியில் ஒருநாள் மில்லில் கரண்ட் இல்லை என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மைதானத்துக்குப் போனேன். நயினார் கோட்டில் நின்று ப்ளே பட்டனை அழுத்தி ஓட ஆரம்பித்தான். என்னைப் பார்க்கவில்லை. கையில் வாட்ச் இருந்தது, சும்மா அழுத்திவிட்டேன்.

முடித்ததும் ஓடிவந்து ஹெட்போனை என் காதில் மாட்டினான். "கேளுண்ணே! ரெண்டாவது சரணம்தான் போகுது. இன்னும் முக்கா நிமிஷம் பாட்டு மிச்சம் இருக்கு!"

அந்தப் பெண் குரல் தடித்திருந்தது. சளி பிடித்த ஆம்பிளை பாடுகிற மாதிரி. மில் பக்கத்து டீக்கடை ரேடியோவில் தினமும் அந்தப் பாட்டைக் கேட்கிறவன் நான். அந்த மாதங்களில் அவன் கேட்டது இந்த டப்பாவில் மட்டும்தான். என் வாட்சில் 17:10.

"சூப்பர்டா" என்றேன்.

நடை: இல்லை. நாடி பார்க்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

மதிவதனி மறுபடி போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "டேய், பேட்டரி இறங்கிப்போச்சு. இன்னும் பத்து செகண்ட் குறைக்கணும்" என்று ஒரு வாய் வார்த்தை. அவனுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

ஆலையில் இருந்த காலியிடம் ஒன்றுதான். எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். நிலையான வேலை இருந்தால்தான் தருவோம் என்று கஸ்தூரி வீட்டில் சொல்லியிருந்தார்கள். நான் காலையில் தனியாக ஓடி, வாட்சைப் பார்த்து, ஐந்து ஐந்து செகண்டாகக் குறைத்துக்கொண்டிருந்தேன். அவனோ பாஸாகிவிட்டோம் என்ற தைரியத்தில், கால் வலித்தால் ஒருநாள் ஓய்வெடுத்தான்.

அடுத்த நாள் அவனே கேட்டான். "அண்ணே, வரும்போது புது பேட்டரி வாங்கிட்டு வாரியா? ஒரு மாதிரி முனகுது."

வாங்கிவந்தேன். கொடுக்கவில்லை. கடையில் இல்லை என்றேன். பழையதை நானே மாடியில் காயவைத்து, சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதே போதும்டா" என்றேன். பதினெட்டு நாள் அந்தப் புதுப் பேட்டரி இரண்டும் என் சாப்பாட்டுப் பைக்குள் கிடந்தன.

தேர்வில் நான் 16:49. அவன் 17:11. ஒரு செகண்ட் வித்தியாசத்தில், என்றைக்கும் ஓடுகிற ஓட்டத்தைத்தான் அவன் ஓடியிருந்தான். அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அந்த நேரப் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றான். "எங்கண்ணே விட்டேன்? காலு நடுங்கிருச்சோ?" என்றான். கடைசி ரவுண்டில் நடுங்கியது என்று நான்தான் சொன்னேன். அந்தப் பேரை வைத்ததும் நான்தான்.

அன்றைக்கு வாக்மேனை அம்மாவிடம் கொடுத்தவன் மறுபடி மைதானத்தை மிதிக்கவில்லை.

தண்ணீர், தூசி, அடி எல்லாம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அண்ணனைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

மார்ச் 4, திங்கள்

கஸ்தூரியிடம் ஜெபஸ்டின் கடைக்கு என்று சொல்லிவிட்டு சாத்தூருக்கு பஸ் ஏறினேன். பையில் வாக்மேன்.

நயினாருக்கு லாரி எடை மேடையில் வேலை. சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜன்னல். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டான்.

"எதுக்குண்ணே வெயில்ல அலையுத? சொல்லிவிட்டா நான் வந்திருப்பம்லா?"

தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு வாக்மேனை மேசையில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"நயினாரு, நீ அன்னைக்கு நடுங்கல" என்றேன்.

"எதுக்கு இப்ப அந்தப் பேச்சு?"

"உன் காலு சரியாத்தாம்டா ஓடுச்சு. பாட்டுதான் மெதுவா ஓடுச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். இந்த நோட்டில் எழுதிப் பார்த்திருந்ததால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. அவன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"எத்தனை நாளு?"

"பதினெட்டு."

"புது பேட்டரி?"

"என் பையிலதான் இருந்துச்சு."

"பத்து செகண்டு" என்றான். "பதினெட்டு நாள்ல பத்து செகண்டை நான் எடுத்திருக்க மாட்டனாண்ணே?"

"எடுத்திருப்ப. என்னையும் தாண்டியிருப்ப."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. எழுந்து போனான். எடை பார்த்து, சீட்டுக் கொடுத்து, திரும்பி வந்து நின்றுகொண்டே பேசினான்.

"தெனம் காலையில மேடையைக் கூட்டிட்டு, நம்பரு பூஜ்யத்துல நிக்குதான்னு பாத்துட்டுத்தான் மொத வண்டியை ஏத்துவேன். லாரிக்காரன் யாரோ எவனோ. அவனுக்கே அப்படிப் பாக்கேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"நாலரை பஸ்சு வந்துரும். போ. மதினி தேடும்."

வாக்மேனை எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கஸ்தூரியிடமும் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். சாப்பாடு போட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

நடை: 30. நாடி: 88. நயினார் போன் இல்லை.

மார்ச் 6, புதன்

நான் போன் செய்தேன். அடித்து நின்றுவிட்டது.

கஸ்தூரி காலையில் கேட்டாள்: "அந்தப் பேரைச் சொல்லி நானும் இத்தனை வருசம் சிரிச்சிருக்கேனே, என்னையும்லா சேத்து ஏமாத்தியிருக்கீங்க?"

மார்ச் 8, வெள்ளி

இன்று கடைசித் தேதி. நாள் முழுக்க போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் மதிவதனி.

"பெரியப்பா, அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு!"

"என்ன சொல்லிப் போட்டான்?"

"ஒண்ணும் சொல்லல. நாலு நாளா யார்கிட்டயும் பேசல. இன்னைக்கு ஸ்கூலுக்கே வந்து பேனாவைக் கேட்டாரு. ஞாயித்துக்கிழமை உங்க ஊரு கிரவுண்டுக்கு ஓடிப்பாக்கக் கூட்டிட்டு வாரேன்னாரு."

நடை: 30. நாடி: 110. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே.

மார்ச் 10, ஞாயிறு

ஐந்தரைக்கே மைதானத்தில் இருந்தேன். வாக்மேன் இடுப்பில், வாட்ச் கையில். வருவானா என்ற சந்தேகம்.

ஆறு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. மதிவதனி இறங்கி ஓடிவந்து, "குட்மார்னிங் பெரியப்பா" என்றாள். நயினார் மைதானத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு செருப்போடு உள்ளே வந்தான்.

கையை நீட்டினான். வாக்மேனைக் கழற்றிக் கொடுத்தேன். கொக்கியைத் திறந்து நான் போட்டிருந்த பேட்டரி இரண்டையும் எடுத்து என் கையில் வைத்தான். நேற்றுதான் வாங்கியது என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு புது பாக்கெட்டை எடுத்து, என் கண் முன்னால் கிழித்து, அவனே போட்டான். மறுபடி கையை நீட்டினான்.

"வாட்சு."

கொடுத்தேன்.

"மதி, பன்னெண்டரை ரவுண்டு. நான் சத்தம் போட்டு டைம் சொல்லுதேன். பயப்படாம ஓடு. நம்ம ரத்தத்துல ஒரு நடுக்கமும் கிடையாது."

அவள் கிளம்பினாள். அவன் ஒரு கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, ப்ளேயை அழுத்தினான். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் கத்திச் சொன்னான். பாட்டு கேட்கிறவன் கத்துவதால் மைதானத்துக்கே கேட்டது. நான் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தேன். மூன்று பாட்டு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது பாட்டு வந்ததை அவன் நின்ற நிலையிலேயே கண்டுபிடித்தேன். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டான். ஆறு நாளில் முதல் தடவையாக.

"அண்ணே, இந்தப் பாட்டு இவ்வளவு வேகமா?"

"ஆமாடா."

"டீக்கடையில போட்டாக்கூட எந்திரிச்சுப் போயிருவேன். அதுக்கப்புறம் முழுசாக் கேட்டதே இல்ல. இவ்வளவு வேகமாண்ணே இது?"

சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முகமெல்லாம் நனைந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை.

அந்தப் பாட்டும் முடிந்து, அடுத்தது முதல் சரணத்தை எட்டியிருக்கும். மதிவதனி எங்களைத் தாண்டினாள். இன்னும் ஒரு சுற்றுதான். தோள் தொங்கிப்போயிருந்தது, மூச்சு சத்தமாகக் கேட்டது. நயினார் ஹெட்போனைப் பிடுங்கினான், வாக்மேனை என் கையில் திணித்தான், செருப்பை உதறினான். அப்புறம் வாட்சை நீட்டினான்.

"நீ பிடி" என்றான். "சரியாச் சொல்லணும்ணே."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் ஓடினான். ஐம்பது வயது, தொப்பை வேறு. வளைவில் அவளைப் பிடித்துவிட்டான். "தூக்கு, முட்டியைத் தூக்கு" என்று அவன் கத்துவது எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது. நேர்ப்பாதைக்கு வந்ததும் அவள் அப்பனை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவன் விடவில்லை, வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே வந்தான். கடைசி ரவுண்டு ஓடுகிறான் என் தம்பி. இரண்டு கையாலும் வாட்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் கோட்டைத் தாண்டிக் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

"எவ்வளவு?"

"மதி 19:52. நீ அதுக்கப்புறம் ஆறு செகண்டு."

கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வாட்சை ஒரு தடவை பார்த்தான். சரியாக இருந்தது. தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து மூன்று இட்லி சாப்பிட்டான். கஸ்தூரி அந்தக் கேலிப் பேரைத் தொடாமல் அவனை நயினார் என்றே கூப்பிட்டாள்.

நடை: 40 நிமிடம். நாடி: எண்ணவில்லை. வாட்சை நயினார் கட்டிக்கொண்டு போய்விட்டான்.